துருவப் பசுமை: வரைபடம் சொல்வதும் நிலம் சொல்வதும்

2024ஆம் ஆண்டில், சில மாத இடைவெளியில், ‘நேச்சர் ஜியோசயின்ஸ்’ இதழில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. இரண்டுமே அண்டார்க்டிகாவில் தாவரம் எவ்வளவு இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணக்கிட்டவை. எடின்பரோ பல்கலைக்கழகமும் பிரிட்டிஷ் அண்டார்க்டிக் சர்வேயும் ஈடுபட்ட முதல் ஆய்வின்படி, அந்தப் பெருங்கண்டம் முழுவதிலும் சேர்த்து 44.2 சதுர கிலோமீட்டர் பரப்பில்தான் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்கள் படர்ந்திருக்கின்றன. பனி மூடாத நிலத்தில்கூட அது 0.12 விழுக்காடுதான். அதில் 84 விழுக்காடு அண்டார்க்டிக் தீபகற்பத்திலும் அதையொட்டிய தீவுகளிலும் இருக்கிறது. அதாவது ஏறத்தாழ 37 சதுர கிலோமீட்டர். எக்ஸிடர், ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் நடத்திய இரண்டாவது ஆய்வு தீபகற்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. 1986இல் 0.86 சதுர கிலோமீட்டராக இருந்த பசுமைப் பரப்பு 2021இல் 11.95 ஆகிவிட்டது என்றது அது. செய்தித்தாள்கள் இதில் ‘பத்து மடங்குக்கு மேல்’ என்பதைத் தலைப்பாக்கின. அதே ஆண்டில், அதே இதழில், ஏறத்தாழ அதே நிலத்துக்கு ஒருவர் 37 என்கிறார், மற்றவர் 12 என்கிறார். இருவரும் தேர்ந்த ஆய்வாளர்கள். கணக்கில் பிழை செய்தவர்கள் அல்லர். அப்படியானால் இந்த வரைபடங்கள் எதைத்தான் அளக்கின்றன?

அவை அளப்பது ஒளியை. அந்த ஒளியிலிருந்து தாவரத்துக்கு வரும் வழியில் மனிதர் எடுக்கும் முடிவுகள் பல இருக்கின்றன. துருவங்களில் செடி சிறியது, சூரியன் தாழ்ந்தது, பருவம் குறுகியது என்பதால் அந்த முடிவுகளின் கனம் வேறெந்த நிலத்தையும்விட அங்கே அதிகம். எனவே இந்த வரைபடங்கள் தரும் பரப்பளவு எண்ணை நாம் மிகக் குறைவாகவும், அவை காட்டும் மாற்றத்தின் திசையைக் கணிசமாகவும் நம்பலாம். அந்த மாற்றத்துக்கு என்ன பொருள் என்பதை நிலத்தில் இறங்கிப் பார்க்காமல் சொல்லவே முடியாது. இதுதான் இக்கட்டுரையின் வாதம். படங்கள் ஆண்டுதோறும் பெருகிவரும் வேளையில் நிலத்தில் இறங்கிப் பார்ப்பது சுருங்கி வருகிறது என்பது அதோடு சேர்ந்த கவலை.

அடிப்படைக் கருவி எளியது. உயிருள்ள இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடுகிறது. பாறைக்கும் பனிக்கும் நீருக்கும் அந்த வேறுபாடு இல்லை. இரண்டு ஒளிகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் மைனஸ் 1 முதல் 1 வரையுள்ள ஓர் எண் கிடைக்கும். என்.டி.வி.ஐ. எனப்படும் இந்தத் தாவரக் குறியீட்டெண், 1972இல் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டதும், அமெரிக்க நடுப்பகுதியின் பெரும் புல்வெளிகளைக் கண்காணிக்க டெக்சாஸ் ஆய்வாளர்கள் பயன்படுத்தியது. அதன் பிறப்பிடத்தை மறக்கக் கூடாது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே மாதிரியாகப் பரந்த புல்லுக்கும் பயிருக்கும் உருவான அளவுகோல் அது. அண்டார்க்டிகாவில் இயற்கையாக வளரும் பூக்கும் தாவரங்கள் இரண்டே: ஒரு புல், மெத்தைபோல் படரும் ஒரு சிறு செடி. மற்றவை மாஸ், லைக்கன், ஆல்கா வகைகள். ஆர்க்டிக் துந்திராவில் இனங்கள் அதிகம் என்றாலும் முழங்கால் உயரத்தைத் தாண்டுபவை குறைவு. சில அடி தூரத்துக்குள் மேடு, பள்ளம், குட்டை, கல் என்று நிலம் மாறிக்கொண்டே போகும். கோடையிலும் சூரியன் தாழ்ந்தே நிற்பதால் ஒவ்வொரு பாறையும் நீண்ட நிழல் விடுகிறது. துருவத்தை நெருங்க நெருங்கச் செயற்கைக்கோள் பாதைகள் ஒன்றையொன்று நெருங்குவதால் படங்கள் அடிக்கடி கிடைக்கும் என்பது ஒரு வசதிதான். அவற்றுள் பெரும்பகுதியை மேகம் விழுங்கிவிடுகிறது.

இதன் விளைவை ஒரே ஒரு பிக்சலுக்குள் நுழைந்து பார்த்துவிடலாம். லேண்ட்சாட் படத்தின் ஒரு பிக்சல் தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். 900 சதுர மீட்டர். அதற்குள் 100 சதுர மீட்டரில் செழித்த மாஸ் இருக்கிறது, மீதி வெறும் பாறை என்று கொள்வோம். மாஸின் குறியீட்டெண் 0.6, பாறையுடையது 0.05 என்றால், இரண்டும் கலந்த பிக்சலின் மதிப்பு தோராயமாக 0.11 வரும். 0.2க்கு மேல் இருந்தால் தாவரம் என்று வரம்பு வைத்தால் அந்தப் பிக்சல் ‘தாவரமில்லை’ என்று பதிவாகும். 100 சதுர மீட்டர் மாஸ் வரைபடத்தில் காணாமல் போகும். அதே மாஸ் சென்டினல்-2 செயற்கைக்கோளின் 10 மீட்டர் பிக்சல் ஒன்றுக்குள் கச்சிதமாக அமைந்தால் 0.6 என்று பளிச்சிடும். ஆனால் நான்கு பிக்சல்கள் சந்திக்கும் மூலையில் கால்வாசி கால்வாசியாகப் பிரிந்து விழுந்தால் ஒவ்வொன்றும் 0.19 காட்டும்; மறுபடியும் வரம்புக்குக் கீழே, மறுபடியும் பூஜ்யம். கட்டத்தை ஐந்து மீட்டர் நகர்த்தினால் போதும், செடி இருப்பதும் இல்லாததும் மாறிவிடுகிறது. இன்னொரு விளைவும் உண்டு. லேண்ட்சாட் பிக்சலில் மாஸின் பரப்பு ஏறத்தாழ 245 சதுர மீட்டரைத் தொடும்போது வரம்பு தாண்டப்படுகிறது. 240இலிருந்து 250 ஆக வளர்ந்தால், நிலத்தில் கூடியது 10 சதுர மீட்டர். வரைபடத்தில் கூடியது 900. ஆகவே 0.86இலிருந்து 11.95 என்பதை ‘நிலத்தில் அத்தனை மடங்கு செடி பெருகியது’ என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வரம்பு எண் என்பது ஒரு சல்லடை. எந்தக் கண்ணளவில் சலித்தோம் என்பதைச் சொல்லாமல் எவ்வளவு தங்கியது என்று மட்டும் சொல்வதில் பயனில்லை.

அடுத்த கேள்வி, எதைத் தாவரக் கணக்கில் சேர்ப்பது என்பது. 37 என்ற எண்ணுக்கும் 12 என்ற எண்ணுக்கும் இடையிலுள்ள தூரத்தின் ஒரு பகுதி இங்கேதான் இருக்கிறது. முதல் ஆய்வு 10 மீட்டர் படங்களைக் கொண்டு லைக்கன்களையும் பனிமேல் வளரும் ஆல்காக்களையும் சேர்த்துத் தேடியது. இரண்டாவது, லேண்ட்சாட்டின் நீண்ட தொடரில் பச்சையை மட்டும் பின்தொடர்ந்தது. லைக்கனின் பச்சையம் பூஞ்சைப் படலத்துக்கு அடியில் ஒளிந்திருப்பதால், வழக்கமான குறியீட்டெண்ணில் அது பாறையோடு பாறையாகக் கலந்துவிடும். அண்டார்க்டிகாவில் இன எண்ணிக்கையில் முந்தி நிற்பது லைக்கன்தான் என்பதை நினைத்தால் இது சின்ன விடுபடல் அல்ல. பனி ஆல்காவிலும் இதே சிக்கல். 2020இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, தீபகற்பத்தில் 1,679 இடங்களில், மொத்தம் 1.95 சதுர கிலோமீட்டரில், பச்சைப் பனி ஆல்கா பூத்திருப்பதைக் கண்டறிந்தது. அவற்றுள் 60 விழுக்காட்டுக்கு மேல் பென்குயின் குடியிருப்புகளிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்தன. பறவையின் எச்சமே உரம்; கடலில் பிடித்த இரை பனியில் பச்சையாகிறது. மிக அழகான கண்டுபிடிப்பு. ஆனால் சிவப்பு ஆல்காக்களை அந்தக் கணக்கு உள்ளடக்கவில்லை. அதை ஆய்வாளர்களே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

உயிரோடிருக்கும் ஒரே செடிகூட எப்போதும் ஒரே எண்ணைக் காட்டுவதில்லை. மாஸ் காயும்போது இலைகளைச் சுருட்டிக்கொண்டு நிறம் மங்குகிறது, நனைந்தால் மீண்டும் விரிகிறது. உருகுநீர் ஓடிய மறுநாள் எடுத்த படமும் இரண்டு வாரம் காற்றடித்துக் காய்ந்தபின் எடுத்த படமும் ஒரே மாஸ் படுகையை வெவ்வேறாகக் காட்டும். கிழக்கு அண்டார்க்டிகாவில் ஆஸ்திரேலியாவின் கேசி நிலையத்துக்கு அருகேயுள்ள விண்ட்மில் தீவுகளில், ஷாரன் ராபின்சன் தலைமையிலான குழுவினர் 2000ஆம் ஆண்டு முதல் ஒரே இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய் மாஸ் படுகைகளை ஆராய்ந்தார்கள். 2018இல் வெளியான அவர்களது முடிவு, ‘வெப்பம் கூடினால் துருவம் பசுமையாகும்’ என்ற எளிய எதிர்பார்ப்பைக் கலைத்தது. அங்கே காற்றின் போக்கு மாறி நிலம் வறண்டுவருகிறது. செழிப்பாக இருந்த பச்சை மாஸ் சிவந்து, பழுத்து, சில இடங்களில் மடிந்தது. வறட்சியைத் தாங்கும் இனங்கள் இடம்பிடித்தன. சிவப்பு என்பது செடி தன்னைக் காத்துக்கொள்ளும் நிலை. சாம்பல் நிறமே அதன் சாவு. மேலிருந்து பார்த்தால் இரண்டுமே ‘பசுமை குறைந்தது’ என்ற ஒரே பதிவாக முடிந்துவிடும். எந்தக் கற்றை மீளும், எது மீளாது என்பதைத் தரையில் மண்டியிட்டுப் பார்த்தவர்களால்தான் சொல்ல முடிந்தது.

ஆர்க்டிக்கில் இந்தக் கேள்விகளை ஒரு தலைமுறைக்கு முன்பே சந்தித்துவிட்டார்கள். அங்கிருந்து கற்க வேண்டியது ‘சுற்றுத்துருவ ஆர்க்டிக் தாவர வரைபடம்’. 1992இல் கொலராடோவின் போல்டர் நகரில் நடந்த கூட்டத்தில் திட்டமிடப்பட்டு, அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் டொனால்டு வாக்கர் முன்னின்று நடத்த, 2003இல் வெளியானது அது. அமெரிக்கா, கனடா, ரஷ்யா, நார்வே, ஐஸ்லாந்து, கிரீன்லாந்து ஆகிய நாடுகளின் தாவரவியலாளர்கள், ஏ.வி.எச்.ஆர்.ஆர். என்ற வானிலைச் செயற்கைக்கோள் கருவியின் படத்தை விரித்துவைத்துக்கொண்டு, தாங்கள் நடந்து அறிந்த நிலத்தை 15 தாவர வகைகளாகக் கையால் எல்லை வகுத்தார்கள். 71 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு ஒரே அட்டவணை. பனிப்பாறை நீங்கிய நிலத்தில் கால் பங்குக்குச் சற்று அதிகமானது புதர்த் துந்திரா என்பது அப்போதுதான் ஒரே கணக்கில் தெரியவந்தது. 2019இல் இதே வரைபடம் ஒரு கிலோமீட்டர் பிக்சல்களாக, கணினி வகைப்பாட்டின் துணையுடன் திருத்தி வெளியிடப்பட்டது. இன்றைய 10 மீட்டர் படங்களோடு ஒப்பிட்டால் அந்த முதல் வரைபடம் மிகக் கரடுமுரடானது. இருந்தும் அதன் மீது எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. ஒவ்வொரு எல்லைக்கோட்டுக்கும் பின்னால் அந்த இடத்தின் மண்ணையும் பாறையையும் செடியையும் தெரிந்த ஒருவர் இருந்தார். பிறகு வந்த பல வரைபடங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

மாற்றத்தைப் பற்றிய பேச்சு 1997இல் ‘நேச்சர்’ இதழில் ரங்கா மைனேனியும் சகாக்களும் எழுதிய கட்டுரையோடு சூடுபிடித்தது. 1981 முதல் 1991 வரை வட அகலாங்குகளில் தாவர வளர்ச்சி கூடியிருக்கிறது என்று ஏ.வி.எச்.ஆர்.ஆர். பதிவுகளிலிருந்து அவர்கள் காட்டினார்கள். உடனே எழுந்த ஐயம் நியாயமானது. அந்தக் கருவி தாவரத்துக்காகச் செய்யப்பட்டதே அல்ல. ஒன்றன்பின் ஒன்றாக வந்த செயற்கைக்கோள்கள் பாதையில் நழுவின. கண்ணுறு ஒளியை அளக்கும் பகுதிக்கு விண்ணிலேயே சரிபார்த்துக்கொள்ளும் வசதி இல்லை. கண்டது செடியின் மாற்றமா, கருவியின் மாற்றமா? இந்த ஐயத்தைத் தீர்த்தது மேலும் செயற்கைக்கோள் படங்களை அடுக்கியது மட்டுமல்ல. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கோடையில் இறங்கிக் குளிர்காலத்தில் ஏறும் வீச்சு வடக்கே பெரிதாகி வந்தது தனி அளவீடு; அந்த வாயுவைப் பல்லாண்டுகளாக அளந்துவந்த சார்லஸ் கீலிங்கும் மைனேனியின் கட்டுரையில் ஓர் ஆசிரியர் என்பது தற்செயல் அல்ல. அடுத்து வந்தவை பழைய வான்படங்கள். 1940களின் இறுதியில் வடக்கு அலாஸ்காவில் எண்ணெய் தேடும் பணிக்காக விமானத்திலிருந்து எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதே கோணங்களில் மறுபடி படமெடுத்தார்கள். ஆற்றோரங்களிலும் சரிவுகளிலும் ஆல்டர், வில்லோ புதர்கள் பெருத்திருந்தன. ஒவ்வொரு புதரையும் விரல்வைத்துக் காட்ட முடிந்தது. ஒன்றையொன்று சாராத மூன்று சாட்சிகள் ஒரே திசையைக் காட்டியபோதுதான் ஆர்க்டிக் பசுமையாதல் என்பது நிலைபெற்ற உண்மையானது.

அந்த உண்மையின் அளவையும் பார்க்க வேண்டும். 2020இல் லோகன் பெர்னரும் குழுவினரும் லேண்ட்சாட் பதிவுகளை, வெவ்வேறு தலைமுறைக் கருவிகளின் வேறுபாட்டைச் சரிசெய்தபின், ஆர்க்டிக் முழுவதும் பரவிய மாதிரி இடங்களில் ஆராய்ந்தார்கள். 1985 முதல் 2016 வரை 37.3 விழுக்காடு இடங்கள் பசுமையாயின, 4.7 விழுக்காடு பழுப்பாயின. மீதி 58 விழுக்காட்டில் திட்டவட்டமான மாற்றம் எதுவும் தெரியவில்லை. வரைபடத்தில் அந்தப் பெரும்பான்மைக்கு நிறம் பூசப்படுவதில்லை. ஆகவே அது செய்தியிலும் வருவதில்லை. நாற்பதாண்டுகளில் உலகின் வேறெந்தப் பகுதியையும்விட வேகமாகச் சூடேறிய நிலத்தில், பாதிக்கு மேற்பட்ட இடங்கள் ஏன் அசையவில்லை என்பது பசுமையான இடங்களைவிட முக்கியமான கேள்வி என்பது என் கருத்து. ஈரமா, மண்சத்தா, மேயும் விலங்கா, அல்லது பிக்சலுக்குள் ஒன்று கூடி ஒன்று குறைந்து சமமாகிவிட்டதா என்பதை வானிலிருந்து பிரிக்க முடியாது.

பசுமை கூடியது என்பது உறுதியான பிறகும், அது நல்லதா கெட்டதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. நார்வே–பின்லாந்து எல்லையில் ரெயின்டீர் மான்களைத் தடுக்கும் வேலி ஒன்று ஓடுகிறது. செயற்கைக்கோள் படத்தில் அந்த வேலியின் இருபுறமும் நிலம் வேறுவேறாகத் தெரியும். மான்கள் குளிர்காலத்தில் மட்டும் மேயும் நார்வேப் பக்கம் லைக்கன் படர்ந்து வெளிறியிருக்கிறது. கோடையிலும் மிதிபடும் பின்லாந்துப் பக்கம் லைக்கன் தேய்ந்து இருண்டிருக்கிறது. மான் வளர்க்கும் சாமி மக்களுக்கு அந்த வெளிறிய பரப்புதான் செல்வம், குளிர்காலத் தீவனம். லைக்கன் இருந்த இடத்தைப் புதர் பிடித்தால் குறியீட்டெண் ஏறும், வரைபடம் பச்சையாகும். மந்தைக்குத் தீவனம் போய்விடும். இன்னொரு சான்று அலாஸ்காவின் அனக்டுவுக் ஆற்றுத் தீ. 2007இல் 1,039 சதுர கிலோமீட்டர் துந்திராவை அது எரித்தது. ஏறத்தாழ 21 லட்சம் டன் கார்பன் காற்றில் கலந்தது. சில ஆண்டுகளுக்குள் புல் முளைத்து நிலம் மீண்டும் பசுமை காட்டியது. மேலிருந்து பார்த்தவருக்குக் காயம் ஆறிவிட்டது. உள்ளே, சேர நெடுங்காலம் பிடித்த மண்கார்பன் திரும்பி வரவில்லை. வடக்கின் நிரந்தர உறைமண்ணில் வளிமண்டலத்தில் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு கார்பன் இருக்கிறது. 2024இன் ‘ஆர்க்டிக் ரிப்போர்ட் கார்டு’, காட்டுத்தீயையும் சேர்த்துப் பார்த்தால் துந்திரா இப்போது கார்பனைச் சேமிப்பதைவிட அதிகம் வெளியிடுகிறது என்று அறிவித்தது. நிலம் பசுமையாகிக்கொண்டே கார்பனை இழக்கவும் முடியும். பச்சை நிறத்தை நலத்தின் அடையாளமாக வாசிக்கும் பழக்கத்தை இந்த இடத்தில் விட்டுவிட வேண்டும்.

இதற்கெல்லாம் தொழில்நுட்பமே விடை தரும் என்பது பலரது வாதம்: பிக்சல் சிறிதாகிக்கொண்டே வருகிறது, இயந்திரக் கற்றல் லைக்கனையும் பாறையையும் பிரித்துவிடும், பொறுத்திருங்கள் என்கிறார்கள். ஓரளவு உண்மைதான். சென்டினல்-2 வந்திராவிட்டால் அந்த 44.2 என்ற கணக்கே பிறந்திருக்காது. ஆனால் கனடாவின் யூகான் கடற்கரையிலுள்ள கிகிக்தாருக் தீவில் ட்ரோன்களைப் பறக்கவிட்டுப் பார்த்தவர்கள், துந்திராவில் பசுமையின் வேறுபாடு ஏறத்தாழ அரை மீட்டர் அளவில் நிகழ்கிறது, 10 மீட்டருக்கு மேல் போனால் அதில் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது என்று கண்டார்கள். மேலும், கூர்மையான படங்கள் இன்றைக்கு இருக்கின்றன, 1986க்கு இல்லை. நீண்ட மாற்றத்தைப் பார்க்க வேண்டுமானால் பழைய லேண்ட்சாட்டின் 30 மீட்டரோடுதான் வாழ்ந்தாக வேண்டும். இயந்திரக் கற்றலோ, எது லைக்கன் என்று யாரோ ஒருவர் தரையிலிருந்து சொல்லித்தந்த மாதிரிகளைக் கொண்டே கற்கிறது. அந்த மாதிரிகள் எடுக்கப்படாத இடத்தில் அது ஊகிக்கிறது, ஊகத்தை உறுதியான நிறத்தில் அச்சிட்டும் தருகிறது. மாஸின் இனத்தை அறிவதோ இன்னும் தொலைவு. இந்தியாவின் பாரதி நிலையத்துக்கு அருகே 2016–17 பயணத்தில் சேகரிக்கப்பட்ட ஒரு மாஸ், மரபணுவைச் சோதித்த பிறகே 2021இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. அதைக் கண்டெடுத்தது பாறை இடுக்கில் குனிந்த ஒரு மனிதக் கை.

இப்படி எண்களைக் கேள்வி கேட்பது, காலநிலை மாற்றத்தையே மறுப்பவர்களுக்குத் தீனி போடாதா என்ற கவலையும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தீபகற்பத்தில் பசுமை கூடியிருக்கிறது என்ற முடிவு 11.95 என்ற எண்ணை நம்பி நிற்கவில்லை. ஒரு பிக்சல் வரம்பைத் தாண்டியது தற்செயலாக இருக்கலாம். ஆயிரக்கணக்கான பிக்சல்கள் ஒரே பக்கமாகத் தாண்டியது தற்செயலாக இருக்க முடியாது. எலிஃபெண்ட் தீவிலிருந்து தெற்கே 600 கிலோமீட்டருக்கு மேல் பரவிய மாஸ் படுகைகளைத் துளைத்து எடுத்து, கடந்த 150 ஆண்டுகளை அடுக்கடுக்காக ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வும், கடைசி அரை நூற்றாண்டில் வளர்ச்சி தெளிவாக வேகம் பிடித்ததைக் காட்டியது. திசை உறுதியானது. ‘பதினான்கு மடங்கு’ என்று பெருக்கிச் சொல்லிவிட்டு, நாளை இன்னொரு கருவி ‘மூன்று மடங்கு’ என்று சொன்னால்தான் மக்களின் நம்பிக்கை உடையும். எண்ணோடு அதன் வரம்பையும் பிழையையும் சேர்த்துச் சொல்வதே நம்பிக்கைக்குக் காப்பு.

மூன்றாவது மறுப்பு கனமானது. துருவக் களப்பணிக்குச் செலவு மிக அதிகம், ஆபத்தும் உண்டு, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் வளரும் மாஸ் மேல் ஒரு பூட்ஸ் தடம் பதிந்தால் அது பல ஆண்டுகள் மறையாது. பாதுகாக்க வேண்டியதை அளக்கப் போய் அழிக்கலாமா? இதை மதிக்க வேண்டும். ஆனால் நிலம் முழுவதையும் மிதிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கவனமாகத் தேர்ந்த சில நிரந்தரக் கட்டங்கள், அவற்றில் ஆண்டுதோறும் ஒரே முறையில் அளவீடு, செயற்கைக்கோள் தலைக்குமேல் கடக்கும் நாளோடு பொருந்தும் பதிவு, இவ்வளவே தேவை. 1990இல் தொடங்கிய சர்வதேசத் துந்திராப் பரிசோதனை, சிறு திறந்த கூண்டுகளை வைத்தே வெப்பம் கூடினால் எந்தச் செடி உயரும், எது ஒடுங்கும் என்பதைப் பல நாடுகளில் ஒரே முறையில் காட்டியது. அந்த வலையில் இப்போது பெரிய ஓட்டை விழுந்திருக்கிறது. ஆர்க்டிக் நிலத்தில் ஏறத்தாழ பாதி ரஷ்யாவினுடையது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபின் அங்குள்ள நிலையங்களோடு மேற்கு நாடுகளின் கூட்டுறவு பெருமளவு அறுந்துவிட்டது. சைபீரியாவைச் செயற்கைக்கோள் இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது பார்ப்பது சரியா என்று சொல்லக்கூடியவர்களின் தரவு வெளியே வருவதில்லை. 2013 நவம்பரில் யமால் தீபகற்பத்தில் பனிமேல் மழை பெய்து உறைந்து, மேய்ச்சல் பனிக்கட்டிக்கு அடியில் பூட்டப்பட்டு, 61,000 ரெயின்டீர் மான்கள் பட்டினியால் மடிந்தன. அந்த இழப்பின் முழு உருவமும் நெனெட்ஸ் மேய்ப்பர்கள் சொல்லித்தான் ஆய்வாளர்களுக்குத் தெரிந்தது. அப்படியொரு செய்தி இனி எவ்வளவு தாமதமாக வரும்?

இந்தியாவுக்கு இதில் நேரடியான பங்கு இருக்கிறது. அண்டார்க்டிகாவில் மைத்ரியும் பாரதியும், ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்டில் 2008 முதல் ஹிமாத்ரியும் நம்முடைய ஆய்வு நிலையங்கள். நமக்கென்று சொந்தச் செயற்கைக்கோள்களும் உண்டு. இரண்டும் ஒருசேர வாய்த்த நாடுகள் அதிகமில்லை. இந்த மூன்று நிலையங்களைச் சுற்றியும் நிரந்தரத் தாவரக் கட்டங்களை வகுத்து, ஒவ்வொரு கோடையிலும் தவறாமல் அளந்து, அந்த அளவீடுகளை எந்த நாட்டு மாணவரும் தரவிறக்கிக்கொள்ளும்படி பொதுவில் வைக்க வேண்டும். புதிய செயற்கைக்கோள் ஒன்றுக்கு ஆகும் செலவில் மிகச் சிறு பங்கே இதற்குப் போதும்.